வாரிசு வேலை: சட்டமும் எங்கள் வீட்டுப் பெண்களும்

 

அன்னை மீனாம்பாள் சிவராஜ் நினைவாக நடக்கும் இந்தச் சொற்பொழிவில் பெண்களையும் சட்டத்தையும் பற்றிப் பேசச் சொன்னார்கள். மீனாம்பாளைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் 1938 பெண்கள் மாநாட்டையும் பெரியாருக்கு அந்தப் பட்டம் வந்த கதையையும் சொல்லி நிறுத்திக்கொள்கிறார்கள். எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அவர் கௌரவ மாஜிஸ்திரேட்டாக இருந்தார் என்பதுதான். எங்கள் பெண்கள் கோர்ட்டுக்குப் போனால் வராந்தாவில் நின்ற காலத்தில் ஒரு தலித் பெண் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறார். நான் மேசைக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்ததைச் சொல்ல வந்திருக்கிறேன்.

சொத்துரிமையிலிருந்து தொடங்குகிறேன். இந்து சட்டத் தொகுப்பு மசோதா கைவிடப்பட்டதை முக்கியமான காரணங்களில் ஒன்றாகச் சொல்லித்தான் அண்ணல் அம்பேத்கர் 1951 செப்டம்பரில் அமைச்சர் பதவியை விட்டு விலகினார். தமிழ்நாட்டில் 1989ஆம் ஆண்டுத் திருத்தம் பூர்வீகச் சொத்தில் மகனுக்கு இருப்பதுபோல மகளுக்கும் பிறப்பால் பங்கு தந்தது. அதற்கு முன்பே கல்யாணமாகிப் போன மகள்களை அது வெளியே நிறுத்தியது. நாடு முழுவதற்குமான திருத்தம் 2005இல்தான் வந்தது. எம்.ஏ. சமூகவியல் படிக்கும்போது இதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினேன். பெருமையாக எங்கள் அம்மாயிக்குப் படித்தும் காட்டினேன். கேட்டுவிட்டு, "நம்மகிட்ட என்ன கண்ணு இருக்குது பங்கு வெக்க?" என்றார்.

அம்மாயி கொங்குப் பகுதியில் ஒரு சிறு நகரத்தில் எடுப்புக் கக்கூஸ் அள்ளியவர். ஒரு தகரம், ஒரு வாளி, அடுப்புச் சாம்பல். எந்தத் தெருவில் எந்தெந்த வீடு என்பது அவருடைய மாமியாரிடமிருந்து அவருக்கு வந்தது. அவரிடமிருந்து அவர் மருமகளான என் அத்தைக்குப் போனது. எங்கள் குடும்பத்தில் பெண் வழியாக இறங்கிய பூர்வீகச் சொத்து அதுதான். அதைப் பற்றி என் கட்டுரையில் ஒரு வரி இல்லை. பாடப்புத்தகத்திலும் இல்லை.

அந்தச் சொத்தை ஒழிக்க வந்த சட்டங்களைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

முதல் சட்டம் 1993இல் வந்தது. ஆள் வைத்து மலம் அள்ளுவதையும் உலர் கழிப்பிடம் கட்டுவதையும் தடை செய்தது. சுகாதாரம் மாநிலப் பட்டியலில் இருப்பதால் சில மாநிலங்கள் கேட்டுக்கொண்டதன் பேரில் நாடாளுமன்றம் அதை இயற்றியது. மற்ற மாநிலங்கள் விரும்பினால் ஏற்கலாம் என்று விட்டார்கள். தண்டனை ஓராண்டு வரை சிறை அல்லது 2,000 ரூபாய் வரை அபராதம். அந்தச் சட்டத்தின் கண் கக்கூஸின் மேல்தான் இருந்தது, கக்கூஸ் அள்ளியவள் மேல் இல்லை. கக்கூஸை இடித்துக் கட்டினால் போதும், பிரச்சினை முடிந்தது. அள்ளியவள் மறுநாள் எங்கே போவாள் என்பதற்கு அதில் உருப்படியான பதில் கிடையாது.

இடித்த பிறகு என்ன நடந்தது? எடுப்புக் கக்கூஸ் இருந்த இடத்தில் செப்டிக் டேங்க் வந்தது. பெண்கள் தலையில் சுமந்த வேலை, ஆண்கள் குழிக்குள் இறங்கும் வேலையாக மாறியது. அத்தை வாளியைக் கீழே வைத்த சில வருடங்களில் மாமா கயிற்றைக் கையில் எடுத்தார். ஊர் அதே ஊர்தான், சாதியும் அதேதான். முன்பு நாற்றம் பிடித்தது, இப்போது விஷவாயு. 'நவீனமாதல்' என்று வகுப்பில் படித்த சொல்லுக்கு எனக்குக் கிடைத்த உதாரணம் இது.

இரண்டாவது சட்டம் 2013. நடைமுறைக்கு வந்த நாள் டிசம்பர் 6, அண்ணல் மறைந்த நாள். அதன் முகப்புரை இந்தத் தொழில் வரலாற்று அநீதி, இழிவு என்று ஒப்புக்கொள்கிறது. இந்த நாட்டின் சட்டம் ஒன்று அப்படி எழுதியது சாதாரண விஷயமில்லை. சஃபாய் கரம்சாரி ஆந்தோலனும் பெஸ்வாடா வில்சனும் 2003இலிருந்து உச்ச நீதிமன்றத்தில் நடத்திய வழக்கு இல்லாமல் அது வந்திருக்காது. 13ஆம் பிரிவில் மறுவாழ்வு இருக்கிறது: புகைப்பட அடையாள அட்டை, உடனடி ரொக்க உதவி, பிள்ளைகளுக்குக் கல்வி உதவித்தொகை, வீட்டு மனை, மாதம் 3,000 ரூபாய்க்குக் குறையாத உதவித்தொகையுடன் தொழில் பயிற்சி, சலுகைக் கடன்.

மாணவர்கள் அந்தப் பிரிவை ஆங்கிலத்தில் எடுத்துப் படித்துப் பாருங்கள். அதில் மலம் அள்ளுகிறவர் 'அவன்'. பயிற்சி 'அவனுக்கு' அல்லது 'அவன் குடும்பத்தில்' வயது வந்த ஒருவருக்கு. வக்கீல் தோழர்கள் உடனே சொல்வார்கள், பொதுச் சொற்கூறுகள் சட்டத்தின்படி ஆண்பால் பெண்பாலையும் குறிக்கும் என்று. குறிக்கட்டும். உலர் கழிப்பிடம் அள்ளியவர்களில் மிகப் பெரும்பாலோர் பெண்கள். அந்த வேலையைப் பற்றிய சட்டத்திலாவது 'அவள்' என்று எழுதிவிட்டு, அது ஆண்களையும் குறிக்கும் என்று சொல்லியிருக்கலாம்.

இது சொல் பிரச்சினை என்று விட்டாலும், அடுத்தது உயிர்ப் பிரச்சினை. 'கையால் மலம் அள்ளுபவர்' யார் என்று வரையறுக்கும்போது சட்டம் சுகாதாரமற்ற கழிப்பிடம், திறந்த வடிகால் அல்லது குழி, ரயில் தண்டவாளம் என்று சொல்கிறது. பாதாளச் சாக்கடையும் செப்டிக் டேங்கும் 'ஆபத்தான துப்புரவு' என்ற வேறொரு பெயரில் வேறொரு உட்பிரிவில் இருக்கின்றன. அதுவும் பாதுகாப்புக் கருவி தராமல் இறக்கினால்தான் குற்றம். 13ஆம் பிரிவின் மறுவாழ்வு முதல் வகைக்கு மட்டும். அத்தைக்குப் பொருந்தும், மாமாவுக்குப் பொருந்தாது. வேலை வாளியிலிருந்து குழிக்கு மாறிவிட்டது, வரையறை வாளியோடு நின்றுவிட்டது.

இந்தப் பிளவைச் சர்க்கார் நன்றாகப் பயன்படுத்திக்கொண்டது. 2021இல் ஒன்றிய அரசு நாடாளுமன்றத்தில் சொன்ன பதில் இது: கையால் மலம் அள்ளியதால் யாரும் இறந்ததாகத் தகவல் இல்லை, சாக்கடையும் செப்டிக் டேங்கும் சுத்தம் செய்தபோது 941 பேர் இறந்திருக்கிறார்கள். அந்த 941இல் 213 பேர் தமிழ்நாட்டில். நாட்டிலேயே அதிகம். சமூக நீதி மண் என்று நாம் மேடையில் சொல்லும்போது இந்த எண்ணையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இனி ஒரு பெண்ணைப் பற்றி. பெயர், ஊர் சொல்ல மாட்டேன். அவள் இன்னும் அங்கேதான் வேலை செய்கிறாள்.

சில வருடங்களுக்கு முன், 2023 தீர்ப்பு வருவதற்கு முன்னால் நடந்தது. அவளுக்கு 27 வயது. பிளஸ் டூ படித்தவள். மகளுக்கு ஏழு வயது, பையனுக்கு நான்கு. ஒரு அடுக்குமாடி வீட்டின் செப்டிக் டேங்கில் அவள் கணவர் இறங்கி மயங்கினார், தூக்கப் போன இன்னொருவரும் உள்ளேயே விழுந்தார். நாங்கள் ஜி.எச். பிணவறைக்குப் போனபோது இரவு பத்து மணி. அவள் புங்க மரத்தடியில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் ஒரு காண்ட்ராக்டர் கவரோடு நின்றார். "ஒரு கையெழுத்துப் போடும்மா, காலையில அடக்கம் பண்ணிரலாம், எல்லாச் செலவும் என்னுது" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். கெட்ட மனிதர் மாதிரிகூடத் தெரியவில்லை. பயந்திருந்தார்.

அந்த இரவில் ஸ்டேஷனில் எந்தப் பிரிவு எழுதப்படுகிறது என்பதில்தான் ஒரு குடும்பத்தின் அடுத்த 20 வருடம் இருக்கிறது. இதைக் களத்துக்குப் போகும் ஒவ்வொருவரும் மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும். முதலில் 174, சந்தேக மரணம் என்று எழுதியிருந்தார்கள். விடிந்ததும் 304ஏ, கவனக்குறைவால் மரணம் என்று மாறியது. அதோடு விட்டால் வீட்டுக்காரர், காண்ட்ராக்டர், விபத்து என்று கதை முடிந்துவிடும். 2013 சட்டத்தின் 9ஆம் பிரிவு சேர்ந்தால் ஆபத்தான துப்புரவுக்கு ஆள் வைத்த குற்றம் வரும். முதல் தடவைக்கே இரண்டு ஆண்டு வரை சிறை அல்லது 2 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் சேர்ந்தால் நிலைமையே வேறு. அதன் விதிகளில் மரணத்துக்கு 8 லட்சத்து 25 ஆயிரம் நிவாரணம், விதவைக்கு மாத ஓய்வூதியம், குடும்பத்தில் ஒருவருக்கு வேலை, பட்டப்படிப்பு வரை பிள்ளைகளின் கல்விச் செலவு எல்லாம் கேட்டு வாதாட வழி திறக்கும். ஒரு எஸ்.ஐ. பேனாவை எடுக்கிறாரா, கீழே வைக்கிறாரா என்பதுதான் வித்தியாசம்.

இரண்டு நாள் உடலை வாங்கவில்லை. 'உடலை வாங்க மாட்டோம்' என்று முழக்கம் போடுவது நாங்கள். வாங்காமல் இருப்பது அவள். இதை நம் இயக்கங்கள் அடிக்கடி மறந்துபோகின்றன. கணவரின் உடல் ஐஸ் பெட்டியில் இருக்க, சொந்தக்காரர்கள் "எத்தன நாளைக்கும்மா இப்படி" என்று கேட்க, பையன் "அப்பா எப்ப வரும்" என்று அழ, அவள் அந்த மரத்தடியிலேயே இருந்தாள். மூன்றாம் நாள் காலை இரண்டு சட்டங்களும் எஃப்.ஐ.ஆரில் ஏறின.

அடுத்து பணம். 2014 மார்ச் 27 அன்று தலைமை நீதிபதி ப. சதாசிவம் தலைமையிலான அமர்வு, 1993 முதல் சாக்கடையிலும் செப்டிக் டேங்கிலும் இறந்த ஒவ்வொருவர் குடும்பத்துக்கும் 10 லட்சம் தரச் சொன்னது. அந்த 10 லட்சம்தான் இவள் பெயரிலும் வந்தது. பத்து லட்சம் வந்துவிட்டது என்று ஊர் பேசியது. தாலுகா ஆபீசில் வாரிசுச் சான்றிதழில் நான்கு பேர்: மனைவி, தாய், இரண்டு குழந்தைகள். குழந்தைகளின் பங்கு 18 வயது வரை வங்கி வைப்பில் போனது. அது சரியான ஏற்பாடுதான், நான் குறை சொல்லவில்லை. மாமியாருக்கு ஒரு பங்கு. அந்த அம்மாவும் 30 வருடம் தெருக் கூட்டியவர், பெற்ற மகனைப் பறிகொடுத்தவர். அவருக்கு உரிமை உண்டு. ஆக இவள் கைக்கு வந்தது இரண்டரை லட்சம். அதில் மகளிர் குழுக் கடன், மைக்ரோ ஃபைனான்ஸ் தவணை, காரியச் செலவு. ஆறு மாதத்தில் மிச்சம் இருந்ததைச் சொல்ல அவளுக்கே கூச்சம். இந்த ஆறு மாதமும் அக்கம்பக்கத்தில் அவளைப் 'பத்து லட்சத்துக்காரி' என்றார்கள். ஒரு புதுச் சேலை கட்டினால் அதற்கும் பேச்சு.

அதன்பிறகு வேலை. ஆபீசில் அதிகாரி மிகவும் கனிவாகப் பேசினார். நான் கூட இருந்தேன். "வீட்டுக்காரர் போயிட்டாரு, உன்னை விட்ருவோமாம்மா? தூய்மைப் பணியில இடம் இருக்கு, நாளைக்கே சேர்ந்துக்க" என்றார். அவள், "சார், நான் பிளஸ் டூங்க. டைப்பிங் முடிச்சிருக்கேனுங்க. வேற வேலை ஏதாச்சும்..." என்று இழுத்தாள். அவர் முகத்தில் கோபம் இல்லை, உண்மையான ஆச்சரியம். அவள் ஏன் அப்படிக் கேட்கிறாள் என்று அவருக்குப் புரியவே இல்லை. அந்த ஆச்சரியத்தைத்தான் நான் சாதி என்கிறேன். எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவிலும் அதற்குத் தண்டனை இல்லை.

2014 தீர்ப்பிலேயே ஒரு வரி இருக்கிறது. துப்புரவுத் தொழிலாளர் குடும்பப் பெண்களுக்கு அவர்கள் தேர்ந்தெடுக்கும் வாழ்வாதாரத்துக்கு உதவ வேண்டும் என்று. 'அவர்கள் தேர்ந்தெடுக்கும்' என்பதை அடிக்கோடிட்டு மனு எழுதிக் கொடுத்தோம். பதில் வரவில்லை. 2023 அக்டோபர் 20இல் பல்ராம் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் இழப்பீட்டை 30 லட்சமாக உயர்த்தியது. சாக்கடையில் இறந்தவர் குடும்பத்துக்கும் முழு மறுவாழ்வு, வாரிசுக்கு வேலை, பிள்ளைகளுக்குக் கல்வி, தொழில் பயிற்சி எல்லாம் வேண்டும் என்றது. சட்டம் விட்ட ஓட்டையைத் தீர்ப்பு அடைக்கப் பார்க்கிறது. வரவேற்போம். ஆனால் சட்டத்தின் வரையறை அப்படியே இருக்கிறது. 'வாரிசுக்கு வேலை' என்றால் என்ன வேலை என்று தீர்ப்பு சொல்லாத இடத்தில் அந்த அதிகாரியின் ஆச்சரியம் உட்கார்ந்துகொள்ளும். ஆகவே நாம் கேட்க வேண்டியது இரண்டு. வரையறைக்குள் சாக்கடையும் செப்டிக் டேங்கும் வர வேண்டும். வாரிசு வேலை என்பது துப்புரவு வேலையாக இருக்கக்கூடாது என்று விதியில் எழுத வேண்டும். இரண்டாவதைக் கேட்டால் நம் சங்கத் தோழர்கள் சிலரே தயங்குகிறார்கள், கிடைக்கிற வேலையும் போய்விடும் என்று. அந்தப் பயம் நியாயமானது. கிடைக்கிற வேலையே ஒப்பந்தத்தில்தான் வருகிறது என்பதையும் அவர்கள் யோசிக்க வேண்டும்.

ஐந்து மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு அவள் துடைப்பத்தை வாங்கிக்கொண்டாள். இப்போதும் கடைவீதி கூட்டுகிறாள். வழக்கு நடக்கிறது, வாய்தாவுக்கு நான் போகிறேன், அவளுக்கு லீவு கிடைத்தால் அவளும் வருகிறாள்.

மகள் இப்போது ஏழாம் வகுப்பு. துப்புரவுத் தொழிலில் இருப்பவர்களின் பிள்ளைகளுக்கான உதவித்தொகைக்குப் போன ஜூனில் விண்ணப்பம் வந்தது. பெற்றோர் அந்த வேலையில் இருக்கிறார் என்று சான்று வாங்கி வைக்க வேண்டும். அம்மா சான்று வாங்கி வந்தாள். பிள்ளை அதைப் பள்ளிக்கூடத்தில் கொடுக்க மாட்டேன் என்றது. அம்மா எனக்கு போன் செய்து, "நீங்க சொன்னாக் கேப்பாளுங்க்கா" என்றாள். பிள்ளையிடம் போனைக் கொடுத்தாள். நான் சட்டம், உரிமை, இது பிச்சை இல்லை என்று என்னென்னவோ சொன்னேன். அது கடைசி வரை கேட்டுவிட்டு, "அத்தை, அம்மா இந்த வேலைய விட்டுட்டா இந்தப் பணம் நின்னுருமா?" என்றது.

நின்றுவிடும் என்றுதான் சொன்னேன். விண்ணப்பம் இன்னும் அவர்கள் வீட்டு அலமாரியில் இருக்கிறது.