உடற்பருமனும் ஊசி மருந்தும்



உடற்பருமனைச் சோம்பலின் பயனென்று இகழ்வோர் நம்மவருள் பலர். அஃது ஒரு நோயென்றே வைத்தியர் கொள்வர். அதற்கென 2025-ஆம் ஆண்டில் நம் நாட்டில் விற்பனைக்கு வந்த செமாகுளூடைட் ஊசி, வாரம் ஒருமுறை தோலின்கீழ்ச் செலுத்தப்படுவது, பசியை அடக்குவது. 2021-இல் வெளியான ஆராய்ச்சியொன்றில், இதனைப் பெற்றோர் எடை 68 வாரங்களில் சராசரியாக நூற்றுக்கு 15 பங்கு குறைந்தது.

ஆயினும், கலியாணத்திற்குமுன் மெலியவேண்டி, வைத்தியர் சீட்டின்றி இதனை நாடுதல் தகாது. 0.25 மில்லிகிராமில் தொடங்கி, படிப்படியாக அளவை உயர்த்துதல் வைத்தியர் பொறுப்பு. குமட்டலும் வாந்தியும் நேர்வதுண்டு. கருவுற்ற பெண்டிர்க்கு ஆகாது. நிறுத்தினாலோ, குறைந்த எடையில் பெரும்பகுதி மீளும்.

ஆதலின் யாம் வேண்டுவது இதுவே: பருத்தவரை இகழாதீர்; மருந்தை மறைவில் தேடாதீர்; குடும்பத்தாரோடு கூடி வைத்தியரை அணுகுவீராக.