முதுமைக்குச் சேர்க்கும் பிடியரிசி
(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



இத்தகைய விழாக்களிற் சமயத்தைப் பற்றியும் மொழியைப் பற்றியும் பேசுதல் வழக்கம். அவற்றைப் பேச எம்மிலும் தகுதியுடையோர் இங்கு இருக்கின்றனர். நாம் ஆயுள் முழுவதும் ஒரு தனியார் நிறுவனத்திற் கணக்கெழுதியவர். ஆகவே எமக்குத் தெரிந்ததையே பேச எண்ணினோம். உழைக்கும் காலத்தில் முதுமைக்கு எவ்வாறு பொருள் சேர்ப்பது, அதிலும் தொழில்தருநர் செய்துதரும் ஏற்பாடு போதாதவிடத்து என்ன செய்வது என்பதே எமது பொருள்.

"கோழி மேய்த்தாலும் கவுண்மேந்தில் மேய்க்கவேண்டும்" என்று எமது பெரியோர் சொல்வார்கள். அதைக் கேட்டு இளைஞர் சிரிப்பர். ஆனால் அந்தச் சொல்லின் உள்ளே இருந்தது உத்தியோகத்தின் பெருமை மட்டுமன்று. மாதம் தவறாது வரும் ஓய்வூதியமும் அதனுள் இருந்தது. மலாயாவிற் புகையிரதப் பகுதியிலும் அரசாங்கக் கந்தோர்களிலும் வேலை பார்த்துத் திரும்பியோர் அந்த ஓய்வூதியத்தைக் கொண்டே ஊரில் வீடு கட்டினர், பிள்ளைகளைப் படிப்பித்தனர், கோயிற்பணியும் செய்தனர். இன்றோ எம் இளைஞரிற் பெரும்பாலோர் கடைகளிலும் கம்பனிகளிலும் தொழிற்சாலைகளிலும் வேலை செய்கின்றனர். அவர்களுக்கு அந்த ஓய்வூதியம் இல்லை. அதற்கு ஈடாகச் சட்டம் வகுத்தவை மூன்று.

முதலாவது, 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தால் ஏற்பட்ட ஊழியர் சேமலாப நிதி. இன்றுள்ள விதிப்படி தொழிலாளியின் சம்பளத்திலிருந்து குறைந்தது 8 வீதமும், தொழில்தருநரின் பணத்திலிருந்து குறைந்தது 12 வீதமும் மாதந்தோறும் அதிற் சேரவேண்டும். இரண்டாவது, 1980ஆம் ஆண்டின் ஊழியர் நம்பிக்கை நிதி. இதற்குத் தொழில்தருநர் மட்டும் 3 வீதம் செலுத்தவேண்டும். மூன்றாவது, 1983ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டம். பதினைந்து பேர் அல்லது அதற்கு மேற்பட்டோர் வேலை செய்யும் இடத்தில் ஐந்து வருடம் பூர்த்தி செய்த மாதச் சம்பளக்காரர் விலகும்போது, வருடம் ஒன்றுக்கு அரைமாதச் சம்பளம் என்ற கணக்கிற் கொடுக்கவேண்டும் என்கிறது அது.

கேட்பதற்கு இவை நன்றாகவே இருக்கின்றன. குறை எங்கே புகுகின்றது என்பதை எமது அனுபவத்தைக் கொண்டே சொல்லுகின்றோம். இதைச் சொல்வதில் எமக்குப் பெருமையில்லை.

நாம் வேலை செய்த நிறுவனத்தில் தொழிலாளரின் சம்பளத்தை இரண்டாகப் பிரித்து எழுதுவது வழக்கம். ஒரு பகுதி அடிப்படைச் சம்பளம், மற்றது "படி". சேமலாப நிதிக்கான தொகை அடிப்படைச் சம்பளத்திற்கு மாத்திரமே கணக்கிடப்பட்டது. மாதந்தோறும் அந்தப் படிவத்தை நிரப்பியவை எமது கைகளே. வாழ்க்கைச் செலவுப்படியும் உணவுப்படியும் விடுமுறைநாட் சம்பளமும் சட்டப்படி கணக்கிற் சேரவேண்டியவை, மேலதிக நேரக் கொடுப்பனவே சேராதது என்பதை நாம் அறியாதவர் அல்லர். அறிந்தும் வாய் திறந்தோமில்லை. எமக்கும் பிள்ளைகள் இருந்தனர். வேலை போய்விடுமென்ற பயமும் இருந்தது.

களஞ்சியத்தில் இருபத்தைந்து வருடம் மூட்டை சுமந்த ஒருவர் ஓய்வு பெற்றார். நிதியிலிருந்து வந்த பணத்தை வங்கியிற் போட்டுவிட்டு நேரே எமது மேசைக்கு வந்து, "ஐயா, இருபத்தைஞ்சு வருஷத்துக்கு இவ்வளவுதானே? நீங்கள்தானே கணக்குப் பார்க்கிறனீங்கள், பிழை ஏதும் விட்டிட்டாங்களோ எண்டு ஒருக்காப் பார்த்துச் சொல்லுங்கோ" என்று கேட்டார். அவர் எம்மைக் குற்றம் சொல்லவில்லை. எம்மை நம்பிக் கேட்டார். நாம் பேரேட்டைப் பார்ப்பதுபோற் பாவனை செய்து, "கணக்குச் சரிதான்" என்றோம். கூட்டற்கணக்குச் சரிதான், நீதிக்கணக்குச் சரியன்று. சில வருடங்களின் பின் நாம் ஓய்வு பெற்றபோது எமக்கும் அதே அளவிலேயே வந்தது.

அந்த இழப்பு எவ்வளவு என்பதை ஓர் உதாரணத்தாற் காட்டுவோம். ஒருவரின் முழுச் சம்பளம் 50,000 ரூபா. நிதிக்குக் காட்டப்படுவது 30,000 ரூபா எனக் கொள்வோம். மாதம் 10,000 ரூபா சேரவேண்டிய இடத்தில் 6,000 ரூபாவே சேரும். குறைந்த 4,000 ரூபாவில் 1,600 ரூபா தொழிலாளியின் பங்கு. அது அவர் கையிற் கிடைத்துவிடுகிறது. அதைக் கண்டு, "கையிற் கூட வருகுதுதானே" என்று அவரும் மகிழ்ந்துவிடுகின்றார். மற்றைய 2,400 ரூபா தொழில்தருநர் தரவேண்டியது; அது தொழில்தருநரிடமே நின்றுவிடுகிறது. இருபத்தைந்து வருடத்தில் மொத்தக் குறைவு, வட்டியைச் சேர்க்காமலே, 12 இலட்சம் ரூபா.

ஆதலின் இளைஞர்களே, வேலைக்குச் சேர்ந்த முதல் மாதத்திலேயே சில காரியங்களைச் செய்துவிடுங்கள். சம்பளத் துண்டைக் கேட்டு வாங்கி, ஒவ்வொன்றையும் பத்திரப்படுத்துங்கள். அங்கத்துவ இலக்கத்தைப் பெறுங்கள். "நிரந்தரமாக்கிய பிறகு பார்ப்போம்" என்று சொன்னால் நம்பாதீர்கள். முதல் நாளிலிருந்தே நிதி சேரவேண்டும். 12 வீதத்தையும் உங்கள் சம்பளத்திலேயே கழித்தால் அது சட்டவிரோதம். கணக்கு மீதியை இப்போது இணையவழியிலும் பார்க்கலாம். வருடத்தில் ஒருமுறையேனும் பாருங்கள். குறை கண்டால் மாவட்டத் தொழில் அலுவலகத்தில் முறையிடலாம். தனியே போகப் பயமானால் நாலுபேர் சேர்ந்து போங்கள். பின்னுரித்தாளியின் பெயரைப் பதியவும் மறவாதீர்கள். மணமான பின் அதை மாற்றவும் மறவாதீர்கள். 1995இல் வலிகாமத்தை விட்டு வெளியேறியபோது பத்திரங்களை இழந்தவர்கள் பட்ட பாட்டைப் பெரியோர் அறிவர். ஆதலின் எல்லாவற்றுக்கும் பிரதி எடுத்து இன்னோரிடத்திலும் வையுங்கள்.

இவ்வளவும் சரிவர நடந்தாலும் அது மாத்திரம் போதுமா? போதாது. சேமலாப நிதியை ஆண்கள் 55 வயதிலும் பெண்கள் 50 வயதிலும் எடுக்கலாம். தனியார் துறையில் ஓய்வுபெறும் வயதை 2021ஆம் ஆண்டின் சட்டம் 60க்கு உயர்த்தியது. அதன்பின் இருபது வருடம் வாழ்பவர் பலர். ஒரே தடவையில் வரும் பணமோ மகளின் சீதனமாகவும், மகனை வெளிநாட்டுக்கு அனுப்பும் முகவரின் கூலியாகவும் ஒரே வருடத்திற் கரைந்துவிடுகிறது. இங்கு இருக்கும் வாலிபர்களுக்கு ஒரு சொல்: சீதனம் கேட்கும்போது, ஒரு முதியவரின் கடைசிக்காலச் சோற்றையே கேட்கின்றோம் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

அப்படியானால் வழி யாது? எமது தாய்மார் அதனை முன்பே கண்டிருக்கின்றனர். உலையில் அரிசி போடுமுன் ஒரு பிடியை எடுத்து வேறு பானையில் இடுவார்கள். அந்தப் பிடியரிசியால் எத்தனையோ தருமங்கள் நடந்தன. சமைத்து மிஞ்சியதை அவர்கள் பானையில் இடவில்லை. சமைக்குமுன் எடுத்து வைத்தார்கள். சேமிப்பின் இரகசியமும் அதுவே. சம்பளம் வந்த அன்றே ஒரு பங்கை வேறாக்கிவிட வேண்டும். மாதக்கடைசியில் மிஞ்சுவதைச் சேமிப்போம் என்பவருக்கு ஒன்றும் மிஞ்சுவதில்லை.

காலத்தின் பலனையும் பாருங்கள். 25 வயதில் தொடங்கி மாதம் 2,000 ரூபா வீதம் 55 வயதுவரை ஒருவர் சேர்க்கிறார். இன்னொருவர் 40 வயதில் விழித்துக்கொண்டு மாதம் 4,000 ரூபா வீதம் 55 வயதுவரை சேர்க்கிறார். இருவரும் இட்ட முதல் ஒன்றே: 7 இலட்சத்து 20,000 ரூபா. வருடத்துக்கு 8 வீத வட்டி மாதந்தோறும் முதலோடு சேருமெனக் கொண்டால், முன்னவருக்கு ஏறக்குறைய 29 இலட்சத்து 80,000 ரூபாவும் பின்னவருக்கு 13 இலட்சத்து 84,000 ரூபாவும் வரும். அந்த வித்தியாசத்தைக் கொடுத்தது காலமே.

எனினும் வட்டி என்றும் ஒரே அளவில் நிற்பதன்று. விலைவாசியும் சும்மா இருப்பதன்று. 2022ஆம் ஆண்டுக்குச் சேமலாப நிதி கொடுத்த வட்டி 9 வீதம். அந்த வருடம் செப்டெம்பரிற் கொழும்பின் விலைச்சுட்டி முந்திய வருடத்திலும் 69.8 வீதம் உயர்ந்து நின்றது. ஆகையால் எல்லா விதையையும் ஒரே வயலில் விதைக்கலாகாது. ஒரு பங்கு தேசிய சேமிப்பு வங்கி போன்ற இடத்தில் இருக்கட்டும்; அங்குள்ள வைப்புக்கு அரசாங்கம் உத்தரவாதம். ஒரு பங்கு திறைசேரி உண்டியலில் இருக்கட்டும். இயன்றவர்கள் பயன்தரும் காணியிலோ கைத்தொழிலிலோ ஒரு பங்கை இடட்டும். அளவுக்கு மிஞ்சிய வட்டி தருவோம் என்பவரிடம் போகாதீர்கள்; மத்திய வங்கியின் உரிமம் உள்ள நிறுவனமா என்று முதலிற் கேளுங்கள். அத்தகைய நிறுவனங்களிலும் வைப்புக் காப்புறுதி ஒருவருக்கு ஒரு நிறுவனத்தில் 11 இலட்சம் ரூபா வரையில்தான். சீட்டுப் பிடிப்பதானாலும் தெரிந்தவர்களோடு, இழந்தாலும் தாங்கக்கூடிய அளவில் மாத்திரம் பிடியுங்கள்.

முடிவாகச் சங்கத்திடம் ஒரு விண்ணப்பம். மாதத்தில் ஒரு மாலை வாசிகசாலையில் ஒரு மேசை போடுங்கள். வேலைக்குப் போகும் பிள்ளைகள் தங்கள் சம்பளத் துண்டுகளைக் கொண்டுவரட்டும். எது சேர்ந்தது, எது சேரவில்லை என்று பார்த்துச் சொல்ல நாம் வந்து இருப்போம். கூலி வேண்டாம். அந்தக் களஞ்சியத் தொழிலாளி இன்று இல்லை; அவருக்குச் சொல்லத் தவறிய விடையை அவருடைய பேரப்பிள்ளைகளின் வயதுள்ள உங்களுக்காவது சொல்லிவிட்டுப் போகவேண்டும் என்பதே எமது ஆசை.