திரவ எரிபொருளிலிருந்து ஐதரசன்

(சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



மிஷன் பாடசாலையின் இரசாயன அறையில் நாம் முதன்முதலிற் பிடித்த வாயு ஐதரசன். நாகத்துண்டில் அமிலம் விட்டு, குழாய்வாயிலே தீக்குச்சியைக் காட்டினால் 'டப்' என்று வெடிக்கும்; பின்வரிசைப் பிள்ளைகள் கைதட்டுவார்கள். அவ்வாயுவை வெடிக்கவிடாது ஒட்சிசனுடன் அமைதியாகச் சேர்த்து மின்சாரம் பெறுவதே எரிபொருட்கலம். 1839இல் வில்லியம் குரோவ் என்பார் இதற்கு வழிகாட்டினார். புகையில்லை; எஞ்சுவது தண்ணீர்.

ஆனால் ஐதரசனைச் சேமிப்பது பெருந்தொல்லை. அதைத் திரவமாக்கச் சைபருக்குக் கீழே 253 பாகை சதமஅளவுக்குக் குளிர்விக்க வேண்டும். அப்போதும் ஒரு லீற்றரில் ஏறக்குறைய 71 கிராமே அடங்கும். சாதாரண போத்தலிலே நிற்கும் ஒரு லீற்றர் மெதனோலிலோ ஏறத்தாழ 100 கிராம் ஐதரசன் உண்டு! ஆகவே எரிபொருளைத் திரவமாகவே வைத்திருந்து, வேண்டியபோது ஐதரசனாக்கலாமே என்று விஞ்ஞானிகள் எண்ணினர்.

மெதனோல் ஆவியையும் நீராவியையும் 250 முதல் 300 பாகை வரை சூடாக்கி, செம்பு கலந்த ஊக்கியின்மேற் செலுத்தினால் ஐதரசனும் காபனீரொட்சைட்டும் கிடைக்கும். அந்த ஐதரசனில் மூன்றிலொரு பங்கு தண்ணீர் தந்தது என்பது எமக்கு இன்றும் வியப்பே. நப்தாவும் டீசலும் இவ்வளவு பணிவானவையல்ல. முதலிற் கந்தகத்தை நீக்கவேண்டும். இன்றேல் ஊக்கி கெட்டுவிடும். பின்னர் நிக்கல் ஊக்கியும் 800 பாகையளவு வெப்பமும் வேண்டும். உடன்வரும் காபனோரொட்சைட்டு, பிளாற்றினம் பூசிய கலங்களுக்கு நஞ்சு. அதையும் நீராவியாற் மாற்றிக் குறைக்க வேண்டும். பொசுபோரிக்கமிலக் கலம் மாத்திரம் நூற்றுக்கு ஒரு பங்கு வரை பொறுத்துக்கொள்ளும்.

இவ்வித்தை நமக்குப் புதிதன்று. சப்புகஸ்கந்தை யூரியாத் தொழிற்சாலையில் நப்தாவிலிருந்தே ஐதரசன் எடுத்து அமோனியா செய்தார்கள். தமிழ்நாட்டிலே மணலி, தூத்துக்குடி உரத்தொழிற்சாலைகளும் பல்லாண்டுகள் அவ்வாறே செய்தன. சப்புகஸ்கந்தைத் தொழிற்சாலையோ 1980களிலேயே மூடப்பட்டது; நப்தாவின் விலை அதற்குக் கட்டுப்படியாகவில்லை.

இங்கேதான் நாம் யோசிக்கவேண்டும். 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணிநேரம் மின்வெட்டு இருந்ததை யார் மறப்பார்? கண்டியிலே மெழுகுதிரி வெளிச்சத்திற் படித்தோம். டீசல் இல்லாமையாற் கடைத்தெரு ஜெனரேற்றர்களும் ஓய்ந்தன. அன்று அவற்றுக்குப் பதிலாக டீசலை உண்ணும் எரிபொருட்கலங்கள் இருந்திருந்தாலும் இருளே. குறை இயந்திரத்தில் அன்று, டொலரில்.

ஆகையால் நம் நாட்டிலே விளைவதை நோக்குவோம். பெல்வத்தை, செவனகலைச் சீனித் தொழிற்சாலைகளிற் கரும்பின் கழிவுப்பாகிலிருந்து எதனோல் வடிக்கிறார்கள். அதையும் நீராவியோடு ஐதரசனாக்கலாம். ஸ்பெயின் தேசத்தார் தமது எஸ்-80 நீர்மூழ்கிக் கப்பல்களுக்கு இவ்வழியையே தெரிந்தெடுத்தனர். சாராயச் சரக்கு என்று பெரியோர் முகஞ்சுளிப்பது தெரிகிறது. குவளைக்குட் போவதிலும் கலத்துக்குட் போவது மேலல்லவா!

தீவு முழுவதற்கும் இது போதும் என்று நாம் சொல்லவில்லை. விக்டோரியாவும் பொல்கொல்லையும் நிறைந்திருக்கும் மாதங்களில் இது வேண்டியதுமில்லை. வைத்தியசாலைச் சத்திரசிகிச்சை அறைக்கு, வரட்சிக்காலத்திற் சில மணிநேரம் போதும். தடை ஒன்று: எதனோலை உடைக்கையில் ஊக்கியின்மேற் கரி படிகிறது. கரி படியாத மலிவான ஊக்கியைத் தேடும் வேலை இன்னும் முடியவில்லை. நமது சங்கத்திலே இரசாயனம் படிப்போர் சிலர் இருக்கிறோம். கூட்டம் முடிந்ததும் பின்வாசலில் நிற்போம், விருப்பமுள்ளோர் வந்து பேசலாம்.