இமய யாத்திரைக்கு ஆயத்தம்



மாத்தளை மாவட்டத்திலே யட்டவத்தப் பகுதியில் வாழும் மக்களுக்கு மேடும் பள்ளமும் புதியன அல்ல. அங்கு பாடசாலைக்குச் செல்லும் பிள்ளையும் தோட்டத்துக்குச் செல்லும் தொழிலாளியும் ஏற்றத்தையும் இறக்கத்தையும் கடந்தே நடக்கின்றனர். இத்தகைய பகுதியிற் பிறந்த இளைஞர் ஒருவர், எவரெஸ்ட் சிகரத்தின் அடிவார முகாம் வரை நடந்து வர வேண்டுமென்று ஆசைப்படின், அதில் வியப்பொன்றும் இல்லை. ஆனால், ‘மலை நாட்டிற் பிறந்தவனுக்கு ஆயத்தம் எதற்கு?’ என்று அவர் எண்ணுவாராயின், ஆபத்து அங்கேதான் தொடங்குகின்றது.

இலங்கையின் மிக உயர்ந்த சிகரமாகிய பீதுருதாலகால மலையின் உயரம் 2,524 மீற்றர். நேபாளத்திலே இந்நடைப்பயணம் தொடங்கும் லுக்லா விமான நிலையமோ சுமார் 2,860 மீற்றர் உயரத்தில் உள்ளது. விமானத்தை விட்டு இறங்கி முதலடி வைக்கும்போதே ஒருவர் நம் நாட்டில் எங்கும் நின்றிராத உயரத்தில் நிற்கின்றார். அங்கிருந்து நாம்சே, தெங்போச்சே, டிங்போச்சே, லொபுச்சே என்னும் ஊர்களைக் கடந்து 5,364 மீற்றர் உயரத்திலுள்ள அடிவார முகாமை அடைய வேண்டும்.

காற்றிலே பிராணவாயுவின் பங்கு எங்கும் நூற்றுக்கு ஏறக்குறைய 21தான். எனினும், உயரம் கூடக் கூடக் காற்றின் அழுத்தம் குறைகின்றது. அடிவார முகாமில் அது கடல்மட்டத்து அழுத்தத்தில் ஏறத்தாழப் பாதியே. ஆதலால், ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் பிராணவாயுவும் பாதியாகின்றது. உடல் இதற்குத் தன்னைப் பழக்கிக்கொள்ளும் ஆற்றல் உடையது. முதலில் மூச்சின் வேகம் கூடும். பின்னர்ச் சிறுநீரகங்கள் இரத்தத்தின் காரத்தன்மையைச் சீர்செய்யும். வாரங்கள் செல்லச் செல்லச் செங்குருதிக் கலங்கள் பெருகும். இவற்றுள் எதனையும் அவசரப்படுத்த இயலாது.

எனவே, ஆயத்தம் இருவகைப்படும். ஊரிலே செய்யத்தக்கது ஒன்று. மலையிலே மட்டும் செய்யத்தக்கது மற்றொன்று.

ஊரிலே செய்யத்தக்கது கால்களையும் இருதயத்தையும் பழக்குதல். புறப்படுவதற்குப் பல மாதங்களுக்கு முன்னரே நடக்கத் தொடங்க வேண்டும். முதுகிலே சுமையுடன் ஏறுவதோடு, இறங்கியும் பழக வேண்டும். முழங்கால்களைப் பெரிதும் வருத்துவது இறக்கமே. மாத்தளை நகரைக் கடந்து இறத்தோட்டை வழியாகச் சென்றால், நக்கிள்ஸ் மலைத்தொடரின் ரிவஸ்டன் பகுதி இப்பயிற்சிக்கு ஏற்ற இடமாகும். சிவனொளிபாத மலையின் ஆயிரக்கணக்கான படிகளும் நல்ல ஆசான்களே. பாதணியைப் புறப்படும் நாளிலே புதிதாக அணியலாகாது. உள்ளூரிலேயே அணிந்து நடந்து பாதத்துக்குப் பழக்கிக்கொள்ள வேண்டும். வியர்வையில் நனைந்த பருத்தியாடை எளிதிற் காயாது. குளிரிலே உடலின் வெப்பத்தை அது கவர்ந்துவிடும். ஆகவே, கம்பளியாடைகளை அடுக்கடுக்காக அணிவதே நன்று. இருதய நோய், ஆஸ்துமா, இரத்தசோகை உடையோர் வைத்தியரின் ஆலோசனையைப் பெறாது புறப்படுதல் தகாது.

மலையிலே செய்யத்தக்க ஆயத்தம் யாது? பொறுமையே அது. 3,000 மீற்றருக்கு மேலே, ஒரு நாளிரவு உறங்கும் இடத்துக்கும் மறுநாளிரவு உறங்கும் இடத்துக்கும் இடையே 500 மீற்றருக்கு மேற்பட்ட உயர வேறுபாடு இருத்தலாகாது என்பதும், மூன்று நான்கு நாள்களுக்கு ஒருமுறை மேலும் ஓரிரவு அதே இடத்தில் தங்க வேண்டும் என்பதும் மருத்துவர் வகுத்த பொது விதிகள். விடுமுறை குறைவென்றும் பணம் போதாதென்றும் இந்த ஓய்வு நாள்களைக் குறைப்போர் உளர். அவர்கள் சேமிப்பது பணம். பணயம் வைப்பதோ உயிர். 1953 ஆம் ஆண்டு மே 29 ஆம் திகதி தென்சிங்கும் ஹிலரியும் எவரெஸ்டின் உச்சியை அடைந்த கதை யாவரும் அறிந்ததே. அவர்களது குழுவினர் மேலே செல்லுமுன் தெங்போச்சே மடாலயத்தைச் சூழ்ந்த மலைகளிலே ஏறக்குறைய மூன்று வாரம் தங்கி உடலைப் பழக்கிக்கொண்டனர் என்பதைப் பலர் அறியார்.

உயர்மலை நோய் தலைவலியாகத் தொடங்கும். குமட்டலும் சோர்வும் உறக்கமின்மையும் தொடரலாம். அந்நிலையில் மேலும் ஏறலாகாது. நடை தள்ளாடினாலும், அறிவு தடுமாறினாலும், ஓய்ந்திருக்கும்போதும் மூச்சு வாங்கினாலும், நோய் மூளையையோ நுரையீரலையோ தாக்கிவிட்டதென அறிந்து, இரவென்றும் பாராது உடனே கீழே இறங்க வேண்டும். இந்நோய் பலவானையும் விட்டுவைப்பதில்லை. விரைந்து நடக்க வல்லவர், விரைந்து ஏறுவதனாலேயே இதற்கு ஆளாவதுண்டு.

நோயினும் கொடியது அதனை மறைத்தல். நண்பர்கள் கூட்டமாகச் செல்லும்போது, தன்னால் மற்றையோரின் பயணம் தடைப்படுமே என்று நாணி, ஒருவர் தலைவலியைச் சொல்லாது நடப்பார். ஆகவே, ஊரை விட்டுப் புறப்படுமுன்னரே ஓர் உடன்படிக்கை செய்துகொள்ளுதல் வேண்டும். யாருக்கு நோய் கண்டாலும் அவர் உடனே சொல்ல வேண்டும். சொன்னவரைப் பழித்தல் கூடாது. ஒருவர் துணையாக உடன் இறங்க வேண்டும். இவ்வுடன்படிக்கையை யட்டவத்தவில் அமைதியாக இருந்து செய்யலாம். லொபுச்சேயின் குளிரிலே, அறிவு மங்கிய வேளையிலே, செய்தல் அரிது.

திரும்புவது தோல்வியன்று என்பதற்கு நம் நாட்டவர் ஒருவரே சான்று. 2016 ஆம் ஆண்டு மே 21 ஆம் திகதி ஜயந்தி குரு உதும்பால எவரெஸ்டின் உச்சியை அடைந்தார். அச்சிறப்பைப் பெற்ற முதல் இலங்கையர் அவரே. அவருடன் அப்பயணத்தை மேற்கொண்ட யொஹான் பீரிஸ் ஏறக்குறைய 8,400 மீற்றர் வரை சென்றார். உச்சிக்குச் சுமார் 450 மீற்றரே எஞ்சியிருந்தது. பிராணவாயு வழங்கும் சாதனத்தில் ஏற்பட்ட இடரால் அவர் திரும்ப நேர்ந்தது. திரும்பியதனாலேயே அவருக்கு மறுமுறை வாய்த்தது. 2018 ஆம் ஆண்டு மே மாதம் அவரும் உச்சியில் நின்றார்.

எவரெஸ்டின் உச்சிக்கு அத்துணை அருகே சென்றவரே திரும்பி வந்தாரெனின், அடிவார முகாமை நாடிச் செல்பவர் ஒரு நாள் பிந்துவதற்கோ பாதி வழியில் திரும்புவதற்கோ நாணுதல் வேண்டா. மலை மறு ஆண்டும் அங்கேயே இருக்கும். சென்ற பிள்ளை நலமே வீடு திரும்ப வேண்டும் என்பதே பெற்றோரின் எதிர்பார்ப்பு. ஆதலால், ஆயத்தம் செய்வோர் தம் மூட்டையிலே கம்பளியையும் மருந்தையும் வைப்பதோடு, திரும்பும் துணிவையும் மறவாது எடுத்துச் செல்வாராக.