அரசிதழில் ஒரு தேதி



சட்டமும் மேலாண்மையும் சமூகப்பணியும் படித்து இன்று பட்டம் பெற மேடையேறுபவர்களில் பலர், விரைவில் ஏதாவதொரு நிறுவனத்தின் மனிதவளப் பிரிவில் அமர்ந்திருப்பார்கள். அவர்களுக்கு முன் அந்த நாற்காலியில் இருந்தவர்கள் தலைமுறை தலைமுறையாக மனப்பாடம் செய்த தொழில் தகராறுகள் சட்டம், குறைந்தபட்ச ஊதியச் சட்டம், பணிக்கொடைச் சட்டம் உட்பட 29 மத்தியச் சட்டங்கள் இப்போது நான்கு சட்டத் தொகுப்புகளுக்குள் அடங்கிவிட்டன. ஊதியத் தொகுப்பு 2019இலும் மற்ற மூன்றும் 2020இலும் நாடாளுமன்றத்தில் நிறைவேறின. நான்கும் நடைமுறைக்கு வந்ததோ 2025 நவம்பர் 21 அன்றுதான். இடைப்பட்ட காலத்தில் புதிய சட்டம் புத்தகக் கடையில் கிடைத்தது. ஆலை வாசலுக்கு உள்ளே பெரும்பாலும் பழைய சட்டமே ஆண்டது.

நிறைவேறிய மசோதா அமலுக்கே வராமல் போவதும் உண்டு. தொழிற்சாலைகளில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் திருத்த மசோதா, தமிழக சட்டப்பேரவையில் 2023 ஏப்ரல் 21 அன்று நிறைவேறியது. தொழிற்சங்கங்களும் கூட்டணிக் கட்சிகளும் கொதித்தெழ, மூன்றே நாளில் நிறுத்திவைக்கப்பட்டது. மசோதா திரும்பப் பெறப்பட்டதாக மே தினத்தன்று முதல்வர் மு.க.ஸ்டாலின் அறிவித்தார். ஏப்ரல் 22 நாளிதழை மட்டும் நம்பி ஷிப்ட் பட்டியலைத் திருத்திய மேலாளர் எவரேனும் இருந்திருந்தால், பத்து நாளில் அதைக் கிழித்துப் போட்டிருப்பார்.

தேதி பணத்தையும் மாற்றும். பணிக்கொடையின் உச்சவரம்பு 2018 மார்ச் 29 முதல் 10 லட்சத்திலிருந்து 20 லட்சம் ரூபாயானது. பல ஆண்டுகள் உழைத்து முதல் நாள் மாலை ஓய்வு பெற்றவருக்குப் பழைய வரம்பு. மறுநாள் விடைபெற்றவருக்குப் புதியது.

சில மாற்றங்களைக் கண்ணாலேயே பார்க்கலாம். ஜவுளிக்கடையில் புடவைகளை விரித்துக் காட்டும் பெண், வாடிக்கையாளர் இல்லாத நேரத்திலும் நின்றபடியே இருக்க வேண்டும் என்பது நெடுநாள் வழக்கம். கோழிக்கோட்டின் மிட்டாய்த் தெருவில் கடைப் பெண்கள் இதை எதிர்த்துப் போராடினார்கள். 2018இல் கேரளம் சட்டத்தைத் திருத்தியது. 2021இல் தமிழ்நாடும் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, ஊழியர்களுக்கு இருக்கை தருவதைக் கட்டாயமாக்கியது. கல்லாவுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டாயிற்றா, அதில் உட்கார்ந்தால் மேற்பார்வையாளர் முறைக்கிறாரா என்று கடைக்குள் போய்ப் பார்ப்பதும் மனிதவள அதிகாரியின் வேலைதான்.

தொழிலாளர் நலன் பொதுப்பட்டியலில் இருப்பதால், இத்தகைய தேதிகளை அறிய டெல்லியின் அரசிதழ் மட்டும் போதாது. சென்னையின் அரசிதழையும் பார்க்க வேண்டும். மசோதாவா, சட்டமா, எந்தத் தேதியிலிருந்து, விதிகள் வந்தனவா, எத்தனை பேர் வேலை செய்யும் இடத்துக்குப் பொருந்தும் என்று ஒவ்வொன்றாகக் கேட்டுத் தெளிய வேண்டும்.

இந்தப் பயிற்சியைப் பட்டதாரிகள் தங்கள் கைக்கு வரும் முதல் அப்பாயின்ட்மென்ட் ஆர்டரிலேயே தொடங்கலாம். எல்லாத் தொழிலாளர்க்கும் அதைத் தருவது புதிய தொகுப்புகளின்படி கட்டாயம். வீட்டு வாடகைப்படி, பயணப்படி போன்றவை மொத்தச் சம்பளத்தில் பாதியைத் தாண்டினால், மிகுதியும் ஊதியமாகவே கணக்கிடப்படும். குறித்த கால ஒப்பந்தம் என்றால், ஐந்தாண்டு காத்திருக்காமல் ஓராண்டிலேயே பணிக்கொடைக்கு உரிமை உண்டு. கையெழுத்திடும் முன் இந்த இரண்டு வரிகளையும் தேடிப் படிக்கட்டும்.