பள்ளி மணி ஓய்ந்த பிறகு

(திருவந்திபுரம் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரை)

  

திருவந்திபுரத்திலே நின்று பேசுகிறேன். கெடிலம் ஒருபுறம், ஔஷதகிரி என்று பெயர் பூண்ட குன்று மறுபுறம். தேர்வு நெருங்கிவிட்டால், அந்தக் குன்றின் மேலுள்ள ஹயக்ரீவர் சந்நிதியை நாடிப் பிள்ளைகள் படியேறுகிறார்கள், கையிலே பேனாவும் நெஞ்சிலே கலக்கமுமாக. முகூர்த்த நாள் வந்துவிட்டாலோ, கடலூரிலிருந்து இவ்வூர் வரை சாலையெல்லாம் மணமக்கள் வண்டி! ஒரே காலையில் எத்தனை எத்தனை மாலைமாற்று! கல்விக்கும் இந்த ஊர், கல்யாணத்திற்கும் இந்த ஊர். இரண்டிற்கும் இடையிலே என்ன இருக்கிறது, தோழர்களே? வேலை இருக்கிறது. உழைத்துப் பெற்ற ஊதியம் இருக்கிறது. "என் வாழ்வை நானே நடத்துவேன்" என்று சொல்லும் துணிவு இருக்கிறது. பள்ளிப் பிள்ளை ஆளாவது அந்த இடைவழியிலேதான்.

அந்த இடைவழி எல்லோருக்கும் திறந்திருக்கிறதா? அதைத்தான் இன்று கேட்க வந்தேன்.

ஒரு பிள்ளையை எண்ணிக்கொள்ளுங்கள். பெயர் வேண்டாம்; உங்கள் தெருவிலேயே இருப்பான். செவி கேளாதவனாக இருக்கலாம். கண் தெரியாதவளாக இருக்கலாம். கால் வழங்காமல் சக்கர நாற்காலியில் வருபவனாக இருக்கலாம். மற்றவர் ஒரு நாளில் கற்பதைப் பத்து நாளில் கற்கும் அறிவுசார் குறைபாடு உடையவளாக இருக்கலாம். தாய் இடுப்பிலே சுமந்து பள்ளியிலே சேர்த்தாள். ஆசிரியர் ஒருவர் பரிவோடு கற்பித்தார். எழுத்துக் கற்றான், எண் கற்றான், நண்பர்களைப் பெற்றான். பதினெட்டு வயது நிறைந்தது. பள்ளி முடிந்தது. அடுத்த ஜூன் மாதம் மணி அடிக்கிறது, ஆனால் அவனுக்காக அல்ல!

தம்பி கல்லூரிக்குப் போகிறான். தங்கை மணமாகிப் போகிறாள். இவன் திண்ணையிலே இருக்கிறான். "ஏன் வேலைக்குப் போகவில்லை?" என்று எவரும் கேட்பதில்லை. அதுதான் கொடுமை, தோழர்களே! ஊரிலே வேலையற்ற இளைஞனைக் கண்டால் ஏசுவோர் உண்டு, எரிச்சல் கொள்வோர் உண்டு. இவனை ஏசவும் ஆளில்லை. இவனிடம் எதையும் எதிர்பார்ப்பாரில்லை. நாற்பது வயதிலும் "குழந்தை" என்றே அழைக்கப்படுகிறான். கற்றது மறக்கிறது; நண்பர் பிரிகின்றனர்; பேச்சுக் குறைகிறது. தாயோ இரவெல்லாம் ஒரே கேள்வியோடு விழித்திருக்கிறாள்: "எனக்குப் பின்னால் யார்?"

சட்டம் இல்லையா என்பீர்கள். இருக்கிறது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 6 வயது முதல் 14 வயது வரை இலவசக் கல்வியை உரிமையாக்கியது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 40 விழுக்காடும் அதற்கு மேலும் குறைபாடு உடைய பிள்ளைகளுக்கு அந்த உரிமையைப் 18 வயது வரை நீட்டியது. அதே சட்டம் அரசு வேலையிலே 4 விழுக்காடு, அரசு மற்றும் அரசு உதவி பெறும் உயர்கல்வி நிறுவனங்களிலே 5 விழுக்காடு என்று இடம் ஒதுக்கியது. 1995ஆம் ஆண்டுச் சட்டத்திலே 3 விழுக்காடாக இருந்த வேலை ஒதுக்கீடுதான் 4 ஆயிற்று. கேளுங்கள், அந்த நான்கிலே ஒன்று, புறவுலகச் சிந்தனையற்றோர் என நாம் குறிக்கும் ஆட்டிசம் உடையோர், அறிவுசார் குறைபாடு, மனநோய், பல்வகைக் குறைபாடு உடையோர் ஆகியோருக்கு என்று தனியே வகுத்துச் சொல்லப்பட்டது. முன்பு கணக்கிலேயே வராதவர்கள் அவர்கள்!

ஆக, இக்கரையிலே பள்ளி, சட்டம் காவலிருக்கிறது. அக்கரையிலே வேலை, சட்டம் கதவைத் திறந்து வைத்திருக்கிறது. நடுவே ஆறு ஓடுகிறது, பாலம் எங்கே?

2011ஆம் ஆண்டு மக்கள் கணக்கெடுப்பைப் புரட்டுங்கள். இந்தியாவிலே 2 கோடியே 68 இலட்சம் மாற்றுத்திறனாளிகள். தமிழகத்திலே 11 இலட்சத்து 79 ஆயிரத்துக்கு மேல். நாடெங்கும் 5 வயது முதல் 19 வயது வரையுள்ள மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளில் நூற்றுக்கு 61 பேர் கல்விக்கூடத்திலே இருந்தனர். 27 பேர் அதன் வாயிலையே மிதித்ததில்லை. அந்த 27 பேருக்காக அழுகிறோம், அழத்தான் வேண்டும். ஆனால் அந்த 61 பேர் என்ன ஆனார்கள் என்று கேட்டோமா? படிக்க வைத்துவிட்டுத் திண்ணைக்கு அனுப்புவதற்கா அத்தனை பாடு?

நாடகம் எழுதுபவன் நான். ஆகையால் ஒரு காட்சி சொல்கிறேன். கற்பனையன்று; கலிபோர்னியாவிலே நடந்தது. எட் ராபர்ட்ஸ் என்று ஓர் இளைஞர். 1953இல், பதினான்கு வயதிலே, இளம்பிள்ளை வாதம் அவரைத் தாக்கிற்று. கழுத்துக்குக் கீழே உடல் ஒத்துழைக்க மறுத்தது; மூச்சு விடவே இயந்திரத்தின் துணை தேவைப்பட்டது. அந்த நிலையிலும் உயர்நிலைப் பள்ளியைப் படித்து முடித்தார். பள்ளி நிர்வாகம் என்ன சொல்லிற்று தெரியுமா? "உடற்பயிற்சி வகுப்பை முடிக்கவில்லை, வாகனம் ஓட்டும் பாடத்தை முடிக்கவில்லை, ஆகவே சான்றிதழ் இல்லை!" மூச்சுக்குப் போராடுபவனிடம் மோட்டார் ஓட்டிக் காட்டு என்றது! தாய் எழுந்தார், போராடினார், சான்றிதழைப் பெற்றார். அடுத்து, மறுவாழ்வுத் துறையிடம் கல்லூரிப் படிப்புக்கு உதவி கேட்டார் மகன். "இவரால் வேலை பார்க்க இயலவே இயலாது, இவருக்குச் செலவிட்டுப் பயன் என்ன?" என்றது துறை. செய்தி ஏட்டில் வந்தது, துறை பணிந்தது. 1962இல் பெர்க்லி பல்கலைக்கழகத்திலே சேர்ந்தார். 1972இல் தம்மைப் போன்றோர் தம் வாழ்வைத் தாமே நடத்திடத் துணைநிற்கும் மையத்தைத் தோழர்களோடு நிறுவினார்.

இறுதிக் காட்சி என்ன? 1975ஆம் ஆண்டு. எந்தத் துறை "இவரால் வேலை பார்க்க இயலாது" என்று எழுதிற்றோ, அந்தத் துறைக்கே தலைவராக ஆளுநர் அவரை அமர்த்தினார்! நான் எழுதியிருந்தால் "மிகையான கற்பனை" என்று சொல்லியிருப்பீர்கள்.

அந்த நாடு பாடம் கற்றது. 1990இல் அங்கே சட்டத்திலேயே எழுதினார்கள்: மாணவனுக்குப் 16 வயது ஆகும்போதே, பள்ளிக்குப் பின் என்ன செய்யப்போகிறான் என்பதற்கு எழுத்திலே திட்டம் வேண்டும் என்று. பள்ளியை விட்ட பிறகு யோசிப்பது அன்று. பள்ளியில் இருக்கும்போதே யோசிப்பது!

"அமெரிக்கா பணக்கார நாடு" என்பான் ஒருவன். சரி, தென்காசிப் பக்கம் வா தம்பி, ஆய்க்குடிக்கு! ராமகிருஷ்ணன் என்னும் பொறியியல் மாணவர், கடற்படை அதிகாரித் தேர்வின்போது நேர்ந்த விபத்திலே கழுத்துக்குக் கீழே செயலிழந்தார். அவர் 1981இல், அகில உலக ஊனமுற்றோர் ஆண்டு என்று அறிவிக்கப்பட்ட அந்த ஆண்டிலே, அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். சில பிள்ளைகளுக்கான சிறு பள்ளியாகத் தொடங்கியது, தொழிற்பயிற்சி என்றும், செயற்கை உறுப்புத் தயாரிப்பு என்றும், தண்டுவடம் பாதிக்கப்பட்டோருக்கு மறுவாழ்வு என்றும் வளர்ந்தது. 2020இல் பத்மஸ்ரீ விருது அவரைத் தேடி வந்தது. பணமா அதைத் தொடங்கி வைத்தது? படுக்கையிலே இருந்தவரின் உறுதியன்றோ தொடங்கி வைத்தது!

ஆனால் தோழர்களே, ஆய்க்குடி அங்கே இருக்கிறது. பல்வகைக் குறைபாடு உடையோருக்கான தேசிய நிறுவனம் 2005 முதல் முட்டுக்காட்டிலே இருக்கிறது. திருவந்திபுரத்துப் பிள்ளை அவ்வளவு தொலைவு போய்த் தங்க இயலுமா? பாலம் அவரவர் ஊரிலே வேண்டும். எப்படிக் கட்டுவது? நான்கு தூண்கள் சொல்கிறேன்.

முதல் தூண், கேட்பது. ஒன்பதாம் வகுப்பிலேயே அந்தப் பிள்ளையைக் கேளுங்கள், "உனக்கு என்ன செய்யப் பிடிக்கும்?" என்று. தாயைக் கேட்கிறோம், ஆசிரியரைக் கேட்கிறோம், மருத்துவரைக் கேட்கிறோம். அவனை மட்டும் கேட்பதில்லை! பேச இயலாதவனா? படத்தைக் காட்டுங்கள், சைகையிலே கேளுங்கள்.

இரண்டாம் தூண், பழக்குவது. பேருந்திலே தனியே ஏறுவது, சில்லறை எண்ணி வாங்குவது, கடிகாரம் பார்த்துக் கிளம்புவது. வேலையை இழப்பது பலநேரம் திறமைக் குறைவாலன்று. இவற்றைப் பழக்காமல் பொத்திப் பொத்தி வளர்த்ததாலே!

மூன்றாம் தூண், இடம் காட்டுவது. முன்பெல்லாம் பல ஆண்டு பயிற்சி கொடுத்து, "தகுதி வந்தபின் வேலை" என்றார்கள்; தகுதி வந்த பாடில்லை. இன்று உலகம் கண்ட வழி வேறு: முதலில் வேலையில் அமர்த்து, அங்கேயே கற்பி. பயிற்றுநர் ஒருவர் முதல் சில வாரம் பக்கத்திலே நிற்பார். வேலையைச் சிறு சிறு படிகளாகப் பிரித்துக் காட்டுவார். கை பழகப் பழக விலகிக்கொள்வார். சைக்கிள் பழக்கும் தகப்பன் பின்னாலிருந்து பிடித்த பிடியை மெல்ல விடுவதுபோல!

வேலை எங்கே என்பீர்கள். இந்த ஊரைச் சுற்றிப் பாருங்கள். முகூர்த்தத்திற்கு முகூர்த்தம் மாலை கட்டுகிறார்கள், பத்திரிகை அச்சிடுகிறார்கள், புகைப்படங்களைக் கணினியிலே கோத்து ஆல்பம் செய்கிறார்கள். பண்ருட்டிப் பக்கம் முந்திரிப் பருப்பைத் தரம் பிரிக்கிறார்கள். செவி கேளாதவனுக்குக் கண்ணும் கையும் இருக்கின்றன; நடக்க இயலாதவளுக்குக் கணினி இருக்கிறது. நெய்வேலியிலே என்.எல்.சி. இருக்கிறது, பொதுத்துறை நிறுவனம். 4 விழுக்காடு அங்கே செல்லும். சிதம்பரத்திலே அண்ணாமலைப் பல்கலைக்கழகம் இருக்கிறது, அரசுப் பல்கலைக்கழகம். 5 விழுக்காடு அங்கே செல்லும். தனியார் நிறுவனமும் சம வாய்ப்புக் கொள்கையை அறிவித்தாக வேண்டும் என்கிறது 2016ஆம் ஆண்டுச் சட்டம். கேட்டால்தானே சட்டம் வாய் திறக்கும்!

நான்காம் தூண், ஆளாக ஏற்பது. 18 வயதிலே வாக்காளர் பட்டியலிலே அவன் பெயர் ஏறியதா? வங்கிக் கணக்கு அவன் பெயரில் உண்டா? தனித்துவ அடையாள அட்டை கைக்கு வந்ததா? கையெழுத்து அவனுடையதா, அண்ணனுடையதா? தானே முடிவெடுக்க இடர்ப்படுவோர்க்கு, 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, மாவட்ட ஆட்சியரை உள்ளிட்ட குழு காப்பாளரை நியமிக்கலாம். 2016ஆம் ஆண்டுச் சட்டமோ ஒருபடி மேலே சென்று, காப்பாளர் என்பவர் அவன் விருப்பத்தை அறிந்து, அவனோடு சேர்ந்து, குறிப்பிட்ட காரியத்திற்கு, குறிப்பிட்ட காலத்திற்கு முடிவெடுப்பவரே என்றது. அவனுக்குத் துணை வேண்டும், எசமானர் வேண்டாம்.

ஒன்று சொல்லிக்கொள்கிறேன். கல்லூரிப் படிப்பைப் பாதியிலே விட்டவன் நான். ஆயினும் மேடை என்னை ஏற்றது; பேனா என்னை ஏற்றது. ஒரு வழி அடைந்தால் மறுவழி தேடிக்கொள் என்று உலகம் எனக்கு இடம் கொடுத்தது. இந்தப் பிள்ளைக்கு அந்த உரிமை உண்டா? ஒரு கடையிலே ஒரு நாள் தவறு செய்துவிட்டால், "பார்த்தாயா, இவர்களால் ஆகாது" என்று அவன் இனத்தையே தள்ளிவைக்கிறோமே! நமக்குத் தோற்க உரிமை உண்டு, அவனுக்கு இல்லையா? தவறி, திருந்தி, மீண்டும் முயல்வதும் வாழ்வுரிமையே, தோழர்களே!

இனி நம் கடமை. எந்தக் கட்சியாயினும் தலைவர் பிறந்தநாள் வந்தால் மூன்று சக்கர வண்டி வழங்குவதும், தையல் இயந்திரம் வழங்குவதும், படம் எடுப்பதும் வழக்கம். வண்டி தேவைதான், வேண்டாமென்று சொல்லேன். ஆனால் வண்டியிலே ஏறி அவன் எங்கே போவான்? போவதற்கு ஓர் இடம் வேண்டாவா? கடுமையான பாதிப்பு உடையோருக்கான பராமரிப்புத் தொகையைத் தமிழக அரசு 2023 ஜனவரி முதல் 2000 ரூபாயாக உயர்த்திற்று. அது அரிசிக்கு ஆகும், வாழ்வுக்கு ஆகுமா? கொடுத்த கையைப் படம் பிடிப்பதைவிட, வேலை கேட்கும் கையைப் பிடித்து அழைத்துச் செல்வது மேல்.

2025 ஏப்ரலில் தமிழகச் சட்டப்பேரவை, உள்ளாட்சி மன்றங்களிலே மாற்றுத்திறனாளிகளை நியமன உறுப்பினராக்கச் சட்டத் திருத்தம் நிறைவேற்றியது. ஊராட்சி முதல் மாநகராட்சி வரை அவர்களுக்கு ஒரு நாற்காலி! அந்த நாற்காலியிலே அமர்பவர் எவராயினும், முதல் கூட்டத்திலேயே ஒரு பட்டியல் கேட்கட்டும்: இந்த ஊரிலே 14 வயது முதல் 25 வயது வரையுள்ள மாற்றுத்திறனாளி இளைஞர் எத்தனை பேர்? பள்ளியில் எத்தனை பேர்? வேலையில் எத்தனை பேர்? திண்ணையில் எத்தனை பேர்?

அந்தப் பட்டியலை எடுத்துக் கொடுக்க வேண்டியவர் யார்? நீங்கள்தான்! தேர்தல் காலத்திலே ஒவ்வொரு வீட்டிலும் எத்தனை வாக்கு என்று விரல்விட்டு எண்ணத் தெரிந்தவர்கள் நீங்கள். உள்ளறையிலே படுத்திருக்கும் கிழவரையும் வண்டி வைத்து அழைத்துவரத் தெரிந்தவர்கள் நீங்கள். அந்தத் திறமையை இதற்குச் செலவிடுங்கள். கிளைக்கு ஒருவர், இளைஞன் ஒருவனுக்குத் தோழராக நில்லுங்கள். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்திற்கு உடன் செல்லுங்கள். கடைக்காரரிடம், "ஒரு மாதம் வைத்துப் பாருங்கள், பக்கத்திலே நான் நிற்கிறேன்" என்று சொல்லுங்கள். இரக்கத்தைக் கேட்காதீர்கள், வேலையைக் கேளுங்கள். முழு வேலைக்கு முழுக் கூலியைக் கேளுங்கள்.

முதல் மாத ஊதியத்தை வாங்கித் தாயின் கையிலே அவன் வைக்கட்டும். "எனக்குப் பின்னால் யார்?" என்று ஏங்கியவள், "அவன் இருக்கிறான்" என்று தன் மகனைக் காட்டட்டும். அந்த நாளை இந்த மாவட்டத்திலே கொண்டுவருவது எட்டாக் கனியன்று. அடுத்த ஜூன் மாதத்திற்கு முன், உங்கள் தெருவிலே ஒரு கதவைத் தட்டுங்கள். நாளைக்கே தட்டுங்கள்!