நோவும் நித்திரையும்

(பழைய மாணவிகள் ஒன்றுகூடலில் ஆற்றிய உரையிலிருந்து)



முழங்கால் நோவைப்பற்றி நாங்கள் பகல் முழுக்கக் கதைப்போம். அந்த நோவால் இரவில் நித்திரையில்லை என்பதை மட்டும் வைத்தியரிடம்கூடச் சொல்வதில்லை. நித்திரை கெட்டால் அடுத்த நாள் அதே நோ கூடுதலாகத் தெரியும். ஆகவே கட்டாயம் சொல்லுங்கள்.

முழங்காலுக்குக் கீழே தலையணை வைத்து மல்லாந்து படுப்பது சுகம்தான். ஆனால் இரவிரவாக, நாள்தோறும் அப்படிக் கிடந்தால் மூட்டு மடிந்தபடியே இறுகி, காலை நேரே நீட்டமுடியாமல் போகலாம். ஒருபக்கமாகச் சரிந்து படுத்து, இரண்டு முழங்கால்களுக்கும் இடையில் அதே தலையணையை வையுங்கள். படுக்கமுன் 15, 20 நிமிடம் வெந்நீர்ப்பை வைக்கலாம், துணி சுற்றி. அதோடேயே நித்திரையாகிவிடாதீர்கள், தோல் வெந்துபோகும். பாயை விடமாட்டேன் என்று நிற்கும் அக்காமாரே, நிலத்திலிருந்து எழும்புவதே பெரும்பாடு, கட்டிலுக்கு மாறுங்கள்.

காலையில் கைவிரல்கள் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் விறைத்து, மூட்டுகளும் வீங்கியிருந்தால் வயது என்று விட்டுவிடவேண்டாம். ருமற்றோயிட் ஆத்திரைற்றிஸாக இருக்கலாம். பின்வரிசையில் சிரிக்கும் தங்கைமாரே, இது 30 வயதிலும் வரும். நேரத்தோடு மருந்து தொடங்கினால் மூட்டுகள் சிதைவதைப் பெரும்பாலும் தடுக்கலாம்.